இராமேசுவரம் இராமநாதசுவாமி கோயிலுக்கு முதன்முறை செல்வோருக்கு: வரிசை மாறாமல் வழிபடும் முறை

இராமேசுவரத்திற்கு முதன்முறையாகப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் நடை திறக்கும் நேரத்தையும் ரயில் நேரத்தையும்தான் விசாரிக்கிறார்கள். அவற்றைக் காட்டிலும் முக்கியமானது, எதை முடித்துவிட்டு எதற்குப் போகவேண்டும் என்ற வரிசை. கடல் நீராடல், இருபத்திரண்டு தீர்த்தங்கள், ஈர உடை களைதல், சுவாமி தரிசனம் என ஒன்றையொன்று தொடர்ந்து வரும் வழிபாடு இது. வரிசை தெரியாமல் வந்தவர்கள் சொட்டச் சொட்ட நனைந்த உடையோடு சன்னிதி வாசலில் நின்று திரும்புவதையும், விடியற்காலையில் மட்டுமே கிடைக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்தைப் பத்து மணிக்கு வந்து தேடுவதையும் அங்கே அடிக்கடி காணலாம்.

பத்ரிநாத், துவாரகை, பூரி ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படும் நான்கு தாமங்கள் என்னும் பெரும் யாத்திரைத் தலங்களில் ஒன்றாகவும், பன்னிரண்டு ஜோதிர்லிங்கத் தலங்களில் ஒன்றாகவும், சம்பந்தரும் அப்பரும் பாடிய பாண்டிநாட்டுத் தலமாகவும் விளங்குகிற கோயில் இது. ஆகவே ஒரே நாளில் ஓடிப்போய் ஓடிவராமல், தீவில் ஓர் இரவு தங்கும்படி திட்டமிடுங்கள். கீழே உள்ள படிகள் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டுள்ளன.

படி 1: நாளைத் தேர்ந்தெடுங்கள்

முன்னோர்களுக்குத் தர்ப்பணம் செய்வதுதான் நோக்கம் என்றால் தை, ஆடி, புரட்டாசி மகாளய அமாவாசைகளில் போகலாம்; ஆனால் அந்நாட்களில் கடற்கரையிலும் தீர்த்த வரிசையிலும் கால்வைக்க இடமிருக்காது. கோயிலை நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த மூன்று அமாவாசைகளையும் தவிர்த்துவிட்டு, வார நாளாகப் பார்த்து வருவது நல்லது. மாசி மகா சிவராத்திரி, ஆனி மாத இராமலிங்கப் பிரதிஷ்டை விழா, ஆடித் திருக்கல்யாணம் ஆகியவை இங்குள்ள பெருவிழாக்கள். அவற்றைக் காணவென்றே வருவோர் தங்குமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளவேண்டும்.

படி 2: தீவுக்குச் செல்லுங்கள்

அருகிலுள்ள விமான நிலையம் மதுரை. அங்கிருந்து சாலை வழியாக ஏறத்தாழ 170 கிலோமீட்டர். ரயிலில் வருவோர் பாம்பன் கடலைக் கடந்து நேராக இராமேசுவரத்திலேயே இறங்கலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழுந்து கப்பல்களுக்கு வழிவிடும் புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. பகலில் கடக்கும் ரயிலாகத் தேர்ந்தெடுத்தால் இருபுறமும் கடலைக் காணலாம்.

சொந்த வாகனத்தில் வருவோருக்கு ஒரு யோசனை. பழைய மரபில் யாத்திரிகர்கள் உப்பூர் விநாயகரை வணங்கி, தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவபாஷாணத்தை, அதாவது நவக்கிரகங்களைக் குறிக்கும் ஒன்பது கற்களை, வழிபட்டு, திருப்புல்லாணியையும் சேதுக்கரையையும் தரிசித்த பிறகே தீவுக்குள் நுழைவார்கள். நேரம் இருப்பவர்கள் அந்த வழியிலேயே வாருங்கள். சற்றுச் சுற்றுதான் என்றாலும், இராமர் இலங்கைக்குப் புறப்பட்ட கதை அந்த ஊர்களின் வழியாகவே இராமேசுவரத்தை வந்தடைகிறது.

படி 3: முதல் நாள் பிற்பகலில் தனுஷ்கோடி

பலர் கோயிலை முதலில் முடித்துவிட்டுத் தனுஷ்கோடியைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். நான் அதை மாற்றிச் செய்யச் சொல்வேன். கோயிலின் கடைசித் தீர்த்தமான கோடி தீர்த்தத்தில் நீராடியபின் ஊரில் தங்காமல் புறப்பட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள நம்பிக்கை. அதை மதிப்பதென்றால், சுற்றிப் பார்க்கவேண்டிய இடங்கள் எல்லாம் முதல் நாளிலேயே முடிந்திருக்கவேண்டும்.

தனுஷ்கோடிச் சாலையின் முனையான அரிச்சல்முனை, ஊரிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர். வழியில் கோதண்டராமர் கோயில் இருக்கிறது. விபீடணனுக்கு இராமர் முடிசூட்டிய இடமாக அதைச் சொல்கிறார்கள். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவில் வந்த புயல் தனுஷ்கோடி ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும், அதிலிருந்த மக்களையும் கொண்டுபோனபோது, இந்தக் கோயில் மட்டும் நிலைத்து நின்றது. இடிந்த தேவாலயத்தின் சுவர்களும் ரயில் நிலையத்தின் எஞ்சிய பகுதியும் இன்றும் மணலில் நிற்கின்றன. மக்கள் மாண்ட இடம் என்பதை நினைவில் வைத்து, அந்தச் சுவர்கள்மீது ஏறுவதையும் பெயர் கிறுக்குவதையும் தவிர்க்கவேண்டும்.

அரிச்சல்முனையில் ஒரு பக்கம் அமைதியான பாக் நீரிணையும், மறுபக்கம் அலையடிக்கும் மன்னார் வளைகுடாவும் சந்திக்கின்றன. ஊர்மக்கள் முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் அழைக்கிறார்கள். நீரோட்டம் கடுமையான இடம் என்பதால் முனையில் நீராட இறங்கவேண்டாம். பொழுது சாய்ந்தபின் அங்கே இருக்க விடமாட்டார்கள். மதிய உணவு முடிந்ததும் கிளம்பிவிடுங்கள். திரும்பிவந்து நேரமிருந்தால், தீவின் உயரமான இடமான கந்தமாதன பருவதத்திற்குப் போய் இராமர் பாதத்தை வணங்கலாம்.

படி 4: இரவே பையைத் தயார் செய்யுங்கள்

இரண்டு பைகள் வேண்டும். ஒன்றில் துண்டும், மாற்றுடையும், ஈர உடையைப் போட்டுக்கொள்ள ஒரு தனிப் பையும் இருக்கட்டும். மற்றொன்றில் பூசைப் பொருட்களும் சில்லறையும் போதும். தீர்த்தமாட அணியும் உடை கெட்டியான, அடர்நிறப் பருத்தியாக இருப்பது பெண்களுக்கு வசதி. தரிசனத்திற்கு ஆண்கள் வேட்டியும், பெண்கள் புடவை அல்லது துப்பட்டாவுடன் கூடிய சுடிதாரும் எடுத்துவையுங்கள். கைபேசி கோயிலுக்குள் அனுமதியில்லை. அறையிலேயே வைத்துவிட்டு வருவதுதான் நிம்மதி. எனவே குடும்பத்தோடு வருவோர், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எந்த வாசலில் கூடுவது என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.

படி 5: விடியற்காலை ஸ்படிகலிங்கம்

அறையிலேயே குளித்துவிட்டு, உலர்ந்த உடையில், ஐந்து மணிக்கு முன்பே கோயில் வாசலில் இருங்கள். நடை திறந்ததும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் மட்டுமே ஸ்படிகலிங்க தரிசனம் உண்டு. பளிங்குபோல் தெளிந்த அந்த லிங்கத்திற்குப் பாலும் நீரும் அபிடேகம் ஆகும்போது, பின்னே ஏற்றிய தீபத்தின் ஒளி லிங்கத்திற்குள் புகுந்து வருவதைச் சன்னிதிக்கு நேராக நிற்கிறவர்கள் காணலாம். தரிசனம் முடிந்ததும் வெளியே வந்துவிடுங்கள்.

படி 6: அக்னி தீர்த்தம்

கிழக்குக் கோபுரத்திற்கு நேர் எதிரே நடந்தால் கடல். அதுதான் அக்னி தீர்த்தம். அலையே இல்லாமல் குளம்போல் கிடப்பதால் முதியோரும் அச்சமின்றி இறங்கலாம். ஆனாலும் அடியில் பாசி படிந்த கற்கள் உண்டு, கைபிடித்து இறக்குங்கள். கிழக்கு நோக்கி நின்று மூழ்கி எழுவது வழக்கம். தர்ப்பணம் செய்ய விரும்புவோர் கரையில் அமர்ந்திருக்கும் புரோகிதர்களிடம், தட்சிணை எவ்வளவு என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொண்டு உட்காருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்தமாகச் சொல்லவேண்டும். உடுத்திய துணியைக் கடலில் விட்டுவந்தால் பாவம் போகும் என்று எண்ணிப் பலர் அப்படியே களைந்து எறிகிறார்கள். அவை அடியில் சேற்றோடு சுற்றிக்கிடந்து, அடுத்து நீராட வருகிறவரின் காலைப் பிடிக்கின்றன. மீனவர் வலையில் சிக்குகின்றன. தீர்த்தம் என்று கைகூப்பிய நீரில் நம் பழந்துணியை விட்டுவருவது எந்த வகையில் வழிபாடாகும்? துணியை உங்களோடு எடுத்துவந்துவிடுங்கள்.

படி 7: இருபத்திரண்டு தீர்த்தங்கள்

கடலில் நனைந்த உடையோடே கோயிலுக்கு வந்து, தீர்த்தமாடுவதற்கான கட்டணச் சீட்டைப் பெற்றுக்கொண்டு, அதற்குரிய வரிசையில் நுழையவேண்டும். சீட்டு வாங்குமிடத்திலேயே கட்டணம் எழுதியிருக்கும். அதற்கு வெளியே, குறுக்குவழியில் அழைத்துப்போகிறோம் என்று சொல்லிப் பணம் கேட்பவர்களுக்கு இணங்கவேண்டாம்.

மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி, சேதுமாதவம் என்று தொடர்ந்து, நளன், நீலன், கவயன், கவாட்சன் என்னும் வானர வீரர்களின் பெயர் தாங்கிய கிணறுகளையும், சங்கு, சக்கரம், சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை ஆகியவற்றையும் கடந்து கோடி தீர்த்தத்தில் இந்த வரிசை நிறைவடைகிறது. பெரும்பாலானவை சிறு கிணறுகள். கைப்பிடிச் சுவரின்மேல் கால்களை அகட்டி நிற்கும் யாத்திரைப் பணியாளர், கயிறு கட்டிய சிறு வாளியைக் கவிழ்த்தபடி வீசி, நீரில் பட்டதும் ஒரு சுண்டு சுண்டி நிரப்பி, இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்து, குனிந்து நிற்கும் தலைகள்மீது ஊற்றிவிடுவார். காலை முதல் நடை சாத்தும்வரை ஆயிரக்கணக்கானோருக்கு இப்படி இறைத்து ஊற்றுகிற அந்தக் கைகளில் காய்ப்பேறியிருப்பதை அருகில் நின்றால் பார்க்கலாம். அவரை அவசரப்படுத்தாமல், ஒரு வாளி போதும் என்று நகர்ந்துவிடுங்கள்.

கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் இந்தக் கிணறுகளில் உப்புக் கரிக்காத நீர் ஊறுவதும், ஒரு கிணற்று நீர் தண்ணென்றும் அடுத்தது வெதுவெதுப்பாகவும் இருப்பதும் முதன்முறை வருவோருக்கு வியப்பளிக்கும். அந்த வேறுபாட்டை உணர்ந்தபடியே போவதற்காகத்தான் ஓடாமல் போகச் சொல்கிறேன். ஓடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், கிணற்றுக்குக் கிணறு செல்லும் வழியெங்கும் கருங்கல் தரை ஈரமாக வழுக்கும். குழந்தைகளைக் கையை விடாமல் அழைத்துச் செல்லுங்கள். உடல் தளர்ந்தவர்களும் சளித் தொல்லை உள்ளவர்களும் எல்லா இடத்திலும் தலைமுழுக வேண்டியதில்லை. கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். வீட்டிற்கு எடுத்துச்செல்லும் தீர்த்தம் கோடி தீர்த்த நீர்தான்; அதைப் பெற ஒரு சிறிய பாத்திரம் வைத்திருங்கள்.

படி 8: உடை மாற்றி, விசுவநாதர் முதலில்

ஈர உடையோடு மூலவர் சன்னிதிக்குப் போகக்கூடாது. உடைமாற்றும் அறைகளில் மாற்றிக்கொண்டு, தலையை நன்றாகத் துவட்டி, திருநீறு அணிந்து வரிசையில் நில்லுங்கள்.

கருவறைகள் இரண்டு என்பதைத் தெரிந்துகொண்டு போகவேண்டும். இராவணனைக் கொன்ற பழி நீங்க இராமர் சிவபூசை செய்ய எண்ணி, லிங்கம் கொண்டுவர அனுமனைக் கயிலைக்கு அனுப்பினார். நல்ல நேரம் கடக்கவிருந்ததால் சீதை மணலைக் குவித்து அமைத்த லிங்கத்தைப் பிரதிட்டை செய்து பூசையை முடித்தார். பிந்திவந்து வருந்திய அனுமனை ஆற்றும்பொருட்டு, அவர் கொணர்ந்த லிங்கத்தையும் வடபுறத்தில் நிறுவி, அதற்கே முதற்பூசை என்று இராமர் வகுத்தார் என்பது தலபுராணம். ஆகவே அனுமன் கொணர்ந்த விசுவநாதரை வணங்கிவிட்டே இராமநாதரை வணங்கவேண்டும். கூட்ட நெரிசலில் இதை மறந்து நேராகப் போய்விடுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்து பர்வதவர்த்தினி அம்மன் சன்னிதி. கருவறைப் பூசை செய்வோர் தலைமுறை தலைமுறையாக வரும் மராட்டிய அந்தணர்கள். வடநாட்டு அடியார்களிடம் அவர்கள் இந்தியில் பேசுவதைக் கேட்டு நீங்கள் தயங்கவேண்டாம், தமிழிலேயே அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லலாம்.

படி 9: மூன்றாம் பிரகாரம்

தரிசனம் முடிந்த கையோடு வெளியேறிவிடாமல், மூன்றாம் பிரகாரத்தை முழுமையாக ஒருமுறை வலம் வாருங்கள். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதி மன்னர்களின் பல தலைமுறை உழைப்பில் உருவாகி, 18ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவெய்திய இந்தப் பிரகாரத்தில் 1212 தூண்கள் உள்ளன. கிழக்கு மேற்காக ஏறத்தாழ 690 அடி, வடக்குத் தெற்காக 435 அடி. உயர்ந்த மேடைமேல் வரிசையாக நிற்கும் தூண்கள் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும் இடம், ஒவ்வொரு மூலையிலும் திரும்பியவுடன் வரும். அங்கே ஓரமாக ஒதுங்கி நின்று பாருங்கள்.

இலங்கை வழியாகத் தாயகம் திரும்பிய விவேகானந்தர், 1897 ஜனவரியில் பாம்பனில் இறங்கி, இந்தக் கோயிலில் உரையாற்றினார். ஏழையிடத்தும் நோயாளியிடத்தும் சிவனைக் காண்பவரே சிவனை உண்மையில் வழிபடுகிறவர் என்பது அந்த உரையின் சாரம். கோயில் வாசலில் பசியோடு அமர்ந்திருப்போருக்கு உணவுப் பொட்டலம் வாங்கித் தர நினைப்பவர்கள், அதையும் இந்த யாத்திரையின் ஒரு படியாகவே கொள்ளலாம்.

படி 10: புறப்படுதலும் காசியும்

நண்பகல் ஒரு மணியளவில் நடை சாத்தப்படும். அதற்குள் வழிபாட்டை முடித்துப் பிற்பகல் ரயிலைப் பிடிக்கலாம். பின்னாளில் காசிக்குப் போகும் எண்ணம் இருந்தால், முதல் நாளிலேயே தனுஷ்கோடிக் கரையில் ஒரு பிடி மணல் எடுத்து மஞ்சள் துணியில் முடிந்துவையுங்கள். அதைப் பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைத்து, காசியை வணங்கி, கங்கை நீரோடு இராமேசுவரம் திரும்பி இராமநாதருக்கு அபிடேகம் செய்தால்தான் காசி யாத்திரை நிறைவுறும் என்பது மரபு. அந்தக் கங்கை நீரைச் செம்பு, பித்தளை அல்லது வெண்கலப் பாத்திரத்தில் கொண்டுவாருங்கள். இரும்பிலும் தகரத்திலும் கொண்டுவந்த நீரை அபிடேகத்திற்கு ஏற்பதில்லை. கங்காபிடேகத்திற்கான சீட்டைக் கோயில் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.