பன்ட்: பந்தை அடிக்காதீர்கள், வாங்குங்கள்

பேஸ்பாலில் பேட்டைச் சுழற்றாமல் பந்துக்கு முன்னே பிடித்து, பந்தை மெதுவாக அருகிலேயே உருட்டிவிடுவதுதான் பன்ட். அமெரிக்க மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகிலும் 2022-ல், பன்ட்டை அதிகம் நம்பியிருந்த பிட்சருக்கு (பந்து வீசுபவர்) பதில் வேறொருவர் பேட் செய்யும் விதி வந்தபின், அங்கே பன்ட் இன்னும் அருகிவிட்டது. பயிற்சி குறைந்தால் தேவைப்படும் நாளில் கை உதறும். ஜப்பானில் யோமியூரி ஜயன்ட்ஸின் மசாஹிரோ கவாய் 533 சாக்ரிஃபைஸ் பன்ட் (தான் அவுட்டாகி, பேஸில் நிற்கும் ரன்னரை அடுத்த பேஸுக்கு நகர்த்தும் பன்ட்) போட்டவர். உலகச் சாதனை அது.

பேட்டர் நிற்கும் கட்டமான பேட்டர்ஸ் பாக்ஸின் முன்பக்கம் நில்லுங்கள். பந்து கோட்டுக்குள் விழ இடம் கூடும். பிட்சர் வீசத் தொடங்கியதும் இடுப்பைத் திருப்பி, மேல்கையை, அதாவது பிடியில் மேலே இருக்கும் கையை, பேட்டின் நடுப்பகுதிவரை நகர்த்துங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பேட்டைப் பிடிக்க, மற்ற விரல்கள் பின்னால் மடங்கியிருக்க வேண்டும். முன்னால் நீட்டினால் விரல் நசுங்கும்.

பேட்டை ஸ்ட்ரைக் எல்லையின் (சரியான வீச்சு எனக் கணக்கிடப்படும் பகுதி) மேல்விளிம்பில், நுனி கைகளைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி வையுங்கள். அதற்கு மேலே வரும் பந்தை விட்டுவிடலாம். தாழ்வான பந்துக்கு முழங்காலை மடக்குங்கள். கையை மட்டும் இறக்காதீர்கள். பெரும்பாலான பன்ட்கள் கெடுவது இங்கேதான்: பேட் நுனி சரியும், பந்தின் அடிப்பாகத்தில் படும், பந்து மேலே எழும்பும். எளிதில் பிடிக்கக்கூடிய உயரப் பந்துக்கு, அதைப் பிடிக்கும் முன்பே பேட்டரை அவுட் என அறிவிக்கும் இன்ஃபீல்ட் ஃப்ளை விதி பன்ட்டுக்குப் பொருந்தாது. எனவே ஃபீல்டர் அதைப் பிடிக்காமல் தரையில் விழவிட்டு இருவரை அவுட்டாக்கவும் முடியும்.

பந்து படும் கணத்தில் பேட்டை முன்னே தள்ளாமல், மேல்கையைத் தளர்த்தி வாங்குங்கள். கிரிக்கெட்டில் பந்து காலடியிலேயே சாகும்படி தடுத்தாடுவது போலத்தான் இது. திசையைத் தீர்மானிப்பது பேட்டின் கோணம். அதைப் பந்து வருமுன்பே கீழ்க்கையால் அமைத்துவிடுங்கள்.

முதல் பேஸில் மட்டும் ரன்னர் இருந்தால் முதல் பேஸ் பக்கம் உருட்டுங்கள். அங்குள்ள ஃபீல்டர் ரன்னரைக் காவல் காப்பதால் முன்னே வரத் தாமதமாகும். முதலிலும் இரண்டாவதிலும் ரன்னர்கள் இருந்தால் மூன்றாவது பேஸ் பக்கம், பிட்சர் எட்டாதபடி சற்று வலுவாக. மூன்றாவது பேஸ்மேன் பந்தை எடுக்க முன்னே வந்தாக வேண்டும், அவர் பேஸ் காலியாகும்.

இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் பன்ட் ஃபவுலானால் (கோட்டுக்கு வெளியே போனால்) அவுட்.

மூன்றாவது பேஸ் ரன்னர் பந்து வீசப்படும்போதே ஓடிவரும் சூசைட் ஸ்குவீஸில் மட்டும் மோசமான பந்தையும் விடக்கூடாது. எட்டிப் பாய்ந்தாவது பேட்டில் படவையுங்கள். தவறினால், பேட்டருக்குப் பின்னால் பந்தோடு காத்திருக்கும் கேட்சரிடம் ரன்னர் நேராகப் போய் மாட்டுவார்.