பழைய அம்பாசிடர் இன்ஜினை லாரியில் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை புதுப்பேட்டையில் நல்ல அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜின் ஒன்று கிடைத்துவிட்டது, மதுரைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பார்சல் ஆபீஸில் எல்லோரும் முதலில் கேட்பது, "கிலோவுக்கு எவ்வளவு?" அதை மட்டும் கேட்டுவிட்டு புக் செய்வதுதான் பெரிய தவறு. 1489 சிசி இன்ஜின் கியர்பாக்ஸ் இல்லாமலே ஏறக்குறைய 150 கிலோ வரும். ஏற்றுகூலி, இறக்குகூலி, டோர் டெலிவரி எல்லாம் சேர்ந்தால் கிலோ ரேட்டில் மிச்சம் பிடித்த பணம் அதிலேயே போய்விடும். மொத்தத் தொகையைக் கேளுங்கள். ஊரில் தெரிந்த மெக்கானிக்கிடம் செயின் பிளாக்கும் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) குட்டியானையும் இருந்தால், குடோன் டெலிவரி போட்டு நீங்களே எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மலிவு.

அடுத்தது சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் தொட்டி. இன்ஜினை அப்படியே தரையில் உட்காரவைத்து, சாக்கைச் சுற்றி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இதன் சம்ப் வெறும் தகடு. லாரி ஒரு பள்ளத்தில் இறங்கினால் தகடு உள்ளே அமுங்கி, ஆயில் உறிஞ்சும் ஸ்ட்ரெய்னரில் போய் ஒட்டிக்கொள்ளும். வெளியே சின்ன நெளிசலாகத்தான் தெரியும். வண்டியில் மாட்டி ஓட்டும்போது ஆயில் பிரஷர் ஏறாது, பேரிங் போய்விடும். அதனால் கெட்டியான மரக்கட்டையில் சட்டம் அடித்து, இன்ஜின் மவுன்ட்டிலும் பின்பக்கப் பிளேட்டிலும் எடை நிற்கும்படி போல்ட் போடுங்கள். சம்ப் எதையும் தொடாமல் தொங்க வேண்டும். சட்டத்துக்கு அடியில் கை டிராலி நுழைய இடம் விட்டால், குடோனில் யாரும் உருட்டித் தள்ள மாட்டார்கள். இன்ஜினைக் கட்டும் பெல்ட்டை ராக்கர் கவருக்கு (இன்ஜினின் மேல் மூடி) மேல் இழுத்துக் கட்டாதீர்கள், அதுவும் தகடுதான்.

கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஃபேன் நான்கையும் கழற்றித் தனி அட்டைப்பெட்டியில் போடுங்கள். துருத்திக்கொண்டிருப்பவைதான் முதலில் உடையும். பல பார்சல் சர்வீஸ்களில் எடையோடு அளவையும் பார்த்துத்தான் காசு போடுகிறார்கள் என்பதால் பெட்டி சிறுத்தால் கட்டணமும் குறையும். ஆனால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்ற வேண்டாம், அது இருந்தால்தான் தூசி உள்ளே போகாது. மற்ற துவாரங்களுக்கு டேப் போதும். ஆயில், தண்ணீர், பெட்ரோல் மூன்றையும் சுத்தமாக வடித்துவிடுங்கள். பக்கத்துத் துணிப் பொதியில் ஆயில் கசிந்தால் அதற்கும் உங்களிடம்தான் வருவார்கள்.

பேப்பர் விஷயத்திலும் அலட்சியம் கூடாது. பில்லிலும் எல்.ஆரிலும் (லாரி ரசீது) இன்ஜின் நம்பரை எழுதச் சொல்லுங்கள். பிறகு ஆர்.சி.யில் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸ் போகும்போது அந்த பில் தேவைப்படும். கொல்கத்தா போல வெளிமாநிலத்திலிருந்து வருவதாக இருந்து, மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி. தளத்தில் எடுக்கும் பில்) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கட்டணம் ஏறுமோ என்று பயந்து "பழைய இரும்பு, 2,000 ரூபாய்" என்று மதிப்பைக் குறைத்து எழுதுவது ரொம்பத் தப்பு. சேதமானால் எழுதிய மதிப்புக்கு மேல் ஒரு ரூபாய்கூட பேசிப் பயனில்லை. உண்மை மதிப்பைப் போட்டு டிரான்சிட் இன்சூரன்ஸ் எடுங்கள். சரக்கு வந்ததும் பிரித்துப் பார்த்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். அடி பட்டிருந்தால் டெலிவரி காப்பியிலேயே எழுதி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்கே போட முடியும்.