வளவுக்குள் முசல்குட்டி கிடந்தால்

திருகோணமலையில் நிலாவெளி, சாம்பல்தீவு, கன்னியாப் பக்கத்து வளவுகளில் பற்றை வெட்டும்போதும் வேலியோரம் கூட்டும்போதும் முசல்குட்டி அகப்படுவதுண்டு. உள்ளங்கை அளவு, உடம்பெல்லாம் மயிர், கண் திறந்திருக்கும், ஆனால் அசையாது. பக்கத்தில் தாய் இராது. விட்டுவிட்டுப் போய்விட்டது என்று உள்ளே கொண்டுவந்து பால் பருக்குவார்கள். இரண்டு மூன்று நாளில் குட்டி செத்துவிடும். பெரும்பாலும் தாய் எங்கேயும் போயிருக்காது என்பதுதான் இதில் கொடுமை.

இங்கே திரிவது கறுத்த பிடரிக் காட்டு முசல். வளை தோண்டாது, கூடும் கட்டாது. புல்லை அமுக்கிய சின்னப் பள்ளத்தில் குட்டி போடும். மயிரில்லாமல், கண் மூடி, உரோமம் விரித்த கூட்டில் கிடந்தால் அது வளர்ப்பு முயலின் குட்டி. அக்கம்பக்கத்தில் யாருடையது என்று விசாரியுங்கள்.

காட்டு முசல் குட்டியோடு படுத்துக் கிடந்தால் நாய்க்கும் கீரிக்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்த மாதிரி. ஆகவே தள்ளியே நிற்கும். நாளுக்கு ஒருமுறை, பொழுதுபட்ட பிறகு வந்து, சில நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். பகல் முழுக்கக் காத்திருந்தும் தாயைக் காணவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

தாய் வருகிறதா என்று பார்க்க டோர்ச் லைட்டோடு காவல் நிற்க வேண்டாம், நின்றால் அது வராது. நம் பக்கம் மணல் தரை என்பது வசதி. பின்னேரம் ஐந்து மணிக்குக் குட்டியைத் தொடாமல், பள்ளத்தைச் சுற்றி இரண்டு அடி அகலத்துக்கு ஈர்க்குமாறால் மெதுவாகக் கூட்டிச் சமப்படுத்துங்கள். நாயைக் கட்டுங்கள், பூனையை வீட்டுக்குள் அடையுங்கள். விடியப் பாருங்கள்: முன்னால் இரண்டு நீளமான பின்னங்கால் தடம், அதற்குப் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சின்ன முன்னங்கால் தடம் இருந்தால் தாய் வந்து போயிருக்கிறது. குட்டியின் வயிறும் உருண்டிருக்கும். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பதைப் பெரிதாக நம்ப வேண்டாம். தூக்கியிருந்தாலும் எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வையுங்கள்.

வயிறு ஒட்டிப்போய், பிடரித் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்று, வெயிலில் தள்ளாடி ஊர்ந்தால் அது உண்மையான ஆபத்து. உடம்பில் ஈயின் வெள்ளை முட்டை, காயம், பூனைக் கடி என்றாலும் அப்படித்தான். பூனைக் கடி வெளியே தெரியாத ஊசித்துளையாக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் கிருமி இரத்தத்தில் ஏறிக் கொன்றுவிடும். கால்நடை வைத்தியரிடம்தான் போக வேண்டும். வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் அமொக்சிசிலின் பாணியைப் பருக்காதீர்கள், முயலினத்தின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளை அழித்து அதுவே உயிரை எடுக்கும்.

எறும்பு மொய்த்தால் மெல்லிய துணியால் தட்டிவிட்டு, இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, அதேபோன்ற நிழலில் வையுங்கள். மருந்துத் தூளோ மண்ணெண்ணெயோ வேண்டாம். கார்த்திகை மழையில் பள்ளத்தில் தண்ணீர் தேங்கினால் பக்கத்து மேட்டுக்கு மாற்றுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் நிழல் தந்த பற்றையை வெட்டிவிட்டீர்களானால் வெட்டிய கொப்பையே மேலே சாய்த்துவிடுங்கள். கூடையைக் கவிழ்த்து மூடினால் தாய் உள்ளே போக முடியாது.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுத் துளையிட்ட கடதாசிப் பெட்டி, பருத்தித் துணி, இருட்டு, அமைதி. உடம்பு குளிர்ந்திருந்தால் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரைப் போத்தலில் அடைத்து, துணி சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் நகரட்டும். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழையுங்கள். அதுவரை எதுவும் பருக்காதீர்கள். முயற்பாலில் கொழுப்பும் புரதமும் தலா பத்து வீதத்துக்கு மேல். பசும்பாலில் மூன்று நான்கு வீதம்தான், பாற்சீனியோ முயற்பாலைவிட அதிகம். வயிறு ஊதும், கழிச்சல் பிடிக்கும். பால்மாவும் அப்படித்தான். குளிர்ந்த குட்டிக்குச் சமிபாடு நடக்காது. மல்லாக்கப் பிடித்துப் பருக்கினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

புல் வெட்டும் இயந்திரம் போடும் வளவுகளில் சேதம் கூட. சத்தம் கேட்டால் குட்டி ஓடாது, இன்னும் பதுங்கும். முதலில் ஒரு தடியால் புல்லை விலக்கி விலக்கி முழுவதும் நடந்து பாருங்கள். நடுவில் தொடங்கி வேலிப் பக்கமாக வெட்டினால் ஓடக்கூடியவை வெளியே போகும். குட்டி கண்ட இடத்தைச் சுற்றி மூன்று அடியை ஓரிரு கிழமைக்கு விட்டுவிடுங்கள். சருகுக் குவியலைக் கொளுத்தும் நாளிலேயே இடம் மாற்றிக் குவித்துவிட்டுக் கொளுத்துங்கள். முதல் நாள் இரவு அடியில் ஏதாவது படுத்திருக்கக்கூடும்.