பக்கியில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்: வயரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணல்மேட்டில் பக்கி (மணலில் ஓட்டக் கட்டப்படும் திறந்த சிறு வண்டி) புரண்டு கிடக்கும்போது, உடைந்த குழாயின் வழியே மின்சாரப் பம்ப் பெட்ரோலை இறைத்துக்கொண்டிருக்கக்கூடும். அந்த நொடியில் ஓட்டுநரோ, ஓடிவந்து உதவுபவரோ ஒரே திருப்பலில் வண்டி முழுவதையும் அடக்க வேண்டும் என்பதற்காகத்தான் கட்-ஆஃப் சுவிட்ச் பொருத்தப்படுகிறது. மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரி வடியாமல் காப்பது அதன் பக்கப்பயன் மட்டுமே. ஆனால் பலர் அந்தப் பக்கப்பயனை மட்டும் மனத்தில் வைத்து வயரிங் செய்துவிட்டு, நின்றுகொண்டிருக்கும் வண்டியில் சுவிட்சைத் திருப்பி, விளக்கு அணைந்ததைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நம்பிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை இதுவே எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு.

எஞ்சின் ஓடும்போது வண்டியில் மின்சாரம் தருவது பேட்டரி மட்டும் அன்று, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரும் தருகிறது. புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிபோர்னியாவில் உருவாக்கிய மேயர்ஸ் மேங்க்ஸ் தொடங்கி, எண்ணற்ற பக்கிகள் வோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சினைக் கொண்டே கட்டப்பட்டுள்ளன. அவற்றில் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரை ஸ்டார்ட்டரின் 30 என்ற முனையில் கொண்டுவந்து பூட்டுவது பரவலான வழக்கம். பேட்டரிக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையில் சாதாரண இருமுனை சுவிட்சை வைத்தால், அதைத் திருப்பியபின் பேட்டரி மட்டுமே விலகுகிறது. ஆல்டர்னேட்டர் அதே 30-ஆம் முனை வழியாக இக்னிஷனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருப்பதால், எஞ்சின் நிற்காமல் ஓடக்கூடும்.

அத்துடன் இன்னொரு சேதமும் நேர்கிறது. பேட்டரியைச் சார்ஜ் செய்துகொண்டிருக்கும் ஆல்டர்னேட்டரிடமிருந்து அந்தப் பேட்டரியைத் திடீரெனப் பிரித்தால், ஆல்டர்னேட்டரின் சுருளில் தேங்கிய ஆற்றலுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்டேஜ் ஏறிவிடும். தடுப்பு அமைப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிகளுக்கு ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை வைத்திருக்கும் சோதனை அளவே 79 முதல் 101 வோல்ட் வரை. அது 40 முதல் 400 மில்லிநொடி நீடிக்கும். ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடுபவை), வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும், எரிபொருள் செலுத்தும் கணினி இருந்தால் அதுவும் கருகுவதற்கு அவ்வளவு நேரமே போதும்.

இதற்கான முறையான தீர்வு, பந்தய வண்டிகளில் பயன்படும் ஆறுமுனை சுவிட்ச். இரண்டு பெரிய முனைகள் பேட்டரிக்கானவை. இசட் (Z) என்று குறித்த இரு சிறிய முனைகளின் இணை, சுவிட்ச் ஆனில் இருக்கும்போது மூடியிருக்கும். தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலுக்குச் செல்லும் வயரை இதன் வழியாக விட்டால், ஆஃப் செய்தவுடன் எஞ்சின் நிற்கும். டபிள்யூ (W) என்று குறித்த இணை இதற்கு நேர்மாறாக, ஆஃப் செய்யும்போதுதான் மூடும். இதன் ஒரு முனையை ஆல்டர்னேட்டர் பக்கத்து லைனிலும், மறுமுனையை 3 ஓம், 11 வாட் மின்தடை வழியாக எர்த்திலும் (பேட்டரியின் நெகட்டிவுடன் சேர்ந்த வண்டியின் உலோகச் சட்டகம்) இணைத்தால், தேங்கிய ஆற்றல் அந்த வழியே வடிந்துவிடும். இவ்விரண்டு இணைகளையும் இடம் மாற்றிப் பூட்டுவது அடிக்கடி நிகழ்கிறது. அப்போது காயிலுக்கு மின்சாரம் வராது என்பதோடு, ஆன் செய்த கணத்திலிருந்தே அந்த மின்தடையில் மின்சாரம் பாயத் தொடங்கும். 12 வோல்ட்டில் 3 ஓம் என்றால் 4 ஆம்பியர், அதாவது 48 வாட்; 11 வாட்டுக்கான பொருள் அதைத் தாங்காது. ஆகவே எழுத்துகளை மட்டும் நம்பாமல், வண்டியில் பூட்டும் முன் எந்த இணை எப்போது மூடுகிறது என்பதை மல்டிமீட்டரால் பார்த்துக்கொள்ளுங்கள். மின்தடையைப் பெட்ரோல் குழாய்க்கு அருகில் ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

இருமுனை சுவிட்சே போதும் என்பவர்கள், ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயரை ஸ்டார்ட்டரிலிருந்து கழற்றி, சுவிட்சின் பேட்டரி பக்கத்து முனைக்கு நேராகக் கொண்டுவரலாம். அப்போது பேட்டரியும் ஆல்டர்னேட்டரும் பிரிவதில்லை. மற்ற அனைத்தும் அவற்றிடமிருந்து பிரிகின்றன. ஆனால் இந்த வயர் எப்போதும் மின்சாரத்துடனே இருக்கும் என்பதால், பேட்டரிக்கு மிக அருகில் அதற்கென ஒரு பியூஸ் கட்டாயம் தேவை. பியூசை இறுக்கமான அளவில் போடுவதும் தவறு. ஓட்டத்தின் நடுவே அது எரிந்தால் மேலே சொன்ன வோல்டேஜ் ஏற்றமே நிகழும். சார்ஜ் எச்சரிக்கை விளக்கிலிருந்து ஆல்டர்னேட்டருக்குச் செல்லும் மெல்லிய வயர் வழியாகச் சிறு மின்னோட்டம் திரும்பி வந்து இக்னிஷனை உயிரோடு வைத்திருப்பதும் உண்டு. அந்த வயரில் ஒரு டயோடைச் சேர்த்தால் அது நின்றுவிடும்.

தீப்பொறிக்கான மின்சாரத்தைத் தானே உண்டாக்கும் மேக்னெட்டோ இக்னிஷன் கொண்ட எஞ்சினுக்குப் பேட்டரியே தேவையில்லை; எனவே பேட்டரியைப் பிரித்தாலும் அது நிற்காது. அதை நிறுத்த, அதன் கில் வயரை எர்த்துடன் சேர்க்க வேண்டும்.

சுவிட்சை நெகட்டிவ் பக்கத்தில் வைப்பது எளிது என்று கருதுவோர் உண்டு. எல்லா எர்த் வயர்களும் சுவிட்சைத் தாண்டிய பிறகே சேர்கின்றன என்றால் அதில் பிழையில்லை. ஆனால் ரேடியோ, வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று எந்திரம்), கொடிக்கம்பத்து எல்இடி விளக்கு எனப் பின்னாளில் சேர்த்தவற்றின் எர்த் வயர்கள் நேரே பேட்டரி முனையில் பூட்டப்பட்டிருந்தால் சுவிட்ச் பயனற்றுப்போகிறது. சுவிட்ச் ஆஃபில் இருக்கும்போது யாராவது ஸ்டார்ட் செய்ய முயன்றால், ஸ்டார்ட்டர் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அந்த மெல்லிய வயர் வழியாகத் திரும்ப முயலும். வயரின் உறை உருகித் தீப்பிடிக்கும். எனவே நான் பாசிட்டிவ் பக்கத்தையே பரிந்துரைப்பேன். அதில், பேட்டரிக்கும் சுவிட்சுக்கும் இடையிலான கேபிளை எந்தச் சுவிட்சாலும் அணைக்க முடியாது என்பதால், அதை இயன்ற அளவு குறுகியதாக வைத்து, சட்டகக் குழாயில் உரசாதபடி உறையிட்டுக் கவ்விகளால் பிடித்துவைக்க வேண்டும்.

கேபிளின் கனத்தில் சிக்கனம் பார்ப்பது அடுத்த தவறு. 3 மீட்டர் நீளமுள்ள 10 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிளில் 200 ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 1 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. 35 சதுர மில்லிமீட்டரில் 0.3 வோல்ட்தான். கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையமான லக்கை ஈயப்பற்று வைத்து ஒட்டாமல், உரிய கருவியால் அழுத்திப் பிடிக்கச் செய்யுங்கள். ஈயம் கம்பியிழைகளுக்குள் ஊறி விறைத்துவிடுவதால், பக்கியின் இடைவிடாத அதிர்வில் அந்த விளிம்பிலேயே கேபிள் முறியும். லக்குக்கும் சுவிட்சின் தொடுமுகத்துக்கும் நடுவில் வாஷர் போடக்கூடாது. வாஷர் லக்குக்கு மேல், நட்டுக்குக் கீழ்தான் வர வேண்டும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தோள் பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டிய நிலையில் ஓட்டுநரின் கை எட்டுகிறதா என்று பாருங்கள். வெளியில் நிற்பவருக்கும் அது எட்ட வேண்டும். எஃப்ஐஏ எனும் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிகள் வெளிப்புறக் கைப்பிடியின் இடத்தை, வெள்ளை விளிம்பிட்ட நீல முக்கோணத்துக்குள் சிவப்பு மின்னல் வரைந்து காட்டச் சொல்கின்றன. அடிப்பக்கம் குறைந்தது 12 சென்டிமீட்டர். பந்தயத்துக்குப் போகாத வண்டியிலும் அந்தக் குறியை ஒட்டிவையுங்கள். உதவ வருபவர் உங்கள் வண்டியை அதற்கு முன் பார்த்திருக்கமாட்டார்.

எல்லாம் பூட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும்போது சுவிட்சின் இரு பெரிய முனைகளுக்கிடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தொடுமுகமோ லக்கோ சரியில்லை. பின்னர் எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, பெல்ட்டைக் கட்டி அமர்ந்து, சுவிட்சைத் திருப்புங்கள். எஞ்சின் நின்று, பம்பின் ஓசையும் அடங்க வேண்டும். நிற்கவில்லை என்றால் சாவியால் அணைத்துவிட்டு, வேறு எதையும் தொடும் முன் ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு வயர் எங்கே போய்ச் சேர்கிறது என்பதைக் கையால் தொடர்ந்து சென்று பாருங்கள்.