கூடைப்பந்து ஆட்டத்தில் புள்ளிவிவரம் எடுப்பது எப்படி?

புதிதாகப் புள்ளிவிவரம் எடுக்க உட்காருபவர்கள் பெரும்பாலும் ஆட்டக்காரர் பெயர்களை வரிசையாக எழுதி, எதிரே கோடு போட்டுக்கொண்டே போவார்கள். இரண்டாவது குவார்ட்டர் முடிவதற்குள் கணக்கு இடிக்கும். எங்கே இடித்தது என்று தேட வழியும் இருக்காது. ஆட்டக்காரரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் பொசெஷனைப் பிடியுங்கள். ஓர் அணியின் கைக்குப் பந்து வந்ததிலிருந்து எதிரணி கைக்குப் போகும்வரை ஒரு பொசெஷன். அதற்கு ஒரு வரி. குவார்ட்டர் மணி அடித்தாலொழிய, அந்த வரி நான்கில் ஒரு வழியில்தான் முடியும்: கூடை விழ வேண்டும், எதிரணி ரீபவுண்ட் (விழாமல் திரும்பிய பந்தை) எடுக்க வேண்டும், டர்ன்ஓவர் (ஷாட் போடாமலே பந்தை இழப்பது) ஆக வேண்டும், அல்லது கடைசி ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பார் இல்லாமல் போடும் ஷாட்) விழ வேண்டும். இதில் எதுவும் இல்லாமல் வரி தொங்கினால், எதையோ தவறவிட்டிருக்கிறோம் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

குறைந்தது இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பார்த்துச் சொல்ல, மற்றவர் எழுதவோ கணினியில் பதியவோ செய்வார். சொல்பவர் தாளைக் குனிந்து பார்க்கவே கூடாது. குனியும் இரண்டு நொடியில்தான் ஸ்டீல் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது) நடக்கும். பெயர் வேண்டாம், நிறம், எண், செயல், முடிவு என்ற வரிசையிலேயே சொல்லுங்கள். "வெள்ளை 7, மூன்று, மிஸ். 11 ரீபவுண்ட். 11, இரண்டு, விழுந்தது. பாஸ் இல்லை." தாளில் இது இப்படி வரும்:

வெ: 7 3− / 11 ஓரீ / 11 2+

'ஓரீ' என்பது ஓஃபென்சிவ் ரீபவுண்ட். தன் அணியே பந்தை மீட்டதால் இது இன்னும் அதே பொசெஷன்தான், அதனால் அதே வரி. புது வரி போட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை.

ஆட்டக்காரர்கள் வார்ம்-அப் செய்யும்போதே இரு அணி எண்களையும் பட்டியலோடு ஒப்பிட்டுவிடுங்கள். 3, 8 போல மடிப்பு விழுந்தால் ஒன்றுபோல் தெரியும் எண்களுக்குப் பக்கத்தில் உயரம், ஷூ நிறம் என ஓர் அடையாளம் குறித்துக்கொள்ளுங்கள்.

எதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் சண்டை வரும். ஷாட் போடும்போது ஃபவுல் ஆகி, பந்து விழாமல் போனால் அது ஷாட் முயற்சியாகவே கணக்கில் வராது, விழுந்தால் வரும். பிளாக் ஆன (தடுப்பவர் தட்டிவிட்ட) ஷாட், போட்டவருக்கு மிஸ்தான். அதன்பின் பந்தை எடுத்தவருக்கு ரீபவுண்ட் உண்டு, இதை அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். பந்து வெளியே போனால் அடுத்து எந்த அணிக்குக் கிடைக்கிறதோ அந்த அணியின் பேரில் ரீபவுண்ட். தடுப்பவர் பாஸைத் தட்டிவிட்டு, பந்து அவர் கூட்டாளி கைக்குப் போனால் ஸ்டீல் தட்டியவருக்கே. ஒவ்வொரு ஸ்டீலுக்கும் எதிரே ஒரு டர்ன்ஓவர் இருந்தாக வேண்டும். எல்லா டர்ன்ஓவருக்கும் ஸ்டீல் இருக்க வேண்டியதில்லை.

அசிஸ்ட்தான் (கூடை விழ வழிசெய்த பாஸ்) மிகவும் கடினம். ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு) முறையில், பெயின்ட் பகுதிக்குள் (கூடைக்கு முன்னால் உள்ள செவ்வகப் பகுதி) இருப்பவருக்குப் பாஸ் கொடுத்து அவர் கூடை போட்டால் அசிஸ்ட். வெளியே நிற்பவர் டிரிபிள் செய்யாமல் (பந்தைத் தரையில் தட்டாமல்) போட்டாலும் அசிஸ்ட். அவர் டிரிபிள் செய்து, தன்னைத் தடுப்பவரை ஒண்டிக்கு ஒண்டி தாண்டிப் போட்டால் இல்லை. பாஸ் வாங்கியவர் ஷாட்டில் ஃபவுல் ஆகி ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டால் ஃபிபாவில் அசிஸ்ட் உண்டு, அமெரிக்காவின் என்பிஏ லீகில் கிடையாது. எந்த விதி என்று ஆட்டத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் ஒரு நட்சத்திரக் குறியும் கடிகார நேரமும் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். அதையே யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த இரண்டு பொசெஷன் போய்விடும்.

ஆள் மாற்றம் ஒவ்வொன்றையும் கடிகார நேரத்தோடு எழுதுங்கள். ஒன்றை விட்டாலும் நிமிடக் கணக்கும், பிளஸ்-மைனஸும் (ஒருவர் களத்தில் இருக்கும்போது இரு அணிகளும் எடுத்த புள்ளிகளின் வித்தியாசம்) பாழ்.

டைம்அவுட் கிடைக்கும்போதெல்லாம் உங்கள் மொத்தத்தை ஸ்கோர்போர்டோடு ஒப்பிடுங்கள். பிழை இருந்தாலும் கடைசி டைம்அவுட்டுக்குப் பிந்தைய வரிகளை மட்டும் தேடினால் போதும். குவார்ட்டர் முடிவில் இன்னும் இரண்டு சோதனை: விழாத ஷாட்களும், விழாத கடைசி ஃப்ரீ த்ரோக்களும் சேர்ந்து, அவற்றுக்குக் கிடைத்த ரீபவுண்ட்களின் எண்ணிக்கைக்குச் சமமாக வேண்டும் (மணி அடித்த பின் மிஸ் ஆன ஷாட்டுக்கு ரீபவுண்ட் கிடையாது). இரு அணி பொசெஷன்களுக்கும் இடையே ஒன்றிரண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வரிகளைத் திரும்பப் பாருங்கள். ஆட்ட முடிவில் ஓர் அணியின் நிமிடங்களைக் கூட்டினால் ஃபிபா ஆட்டத்தில் 200, என்பிஏவில் 240 வர வேண்டும். ஒவ்வொரு கூடுதல் நேரத்துக்கும் 25 சேரும்.

வரி எண்ணிக்கை சரிதானா என்று பார்க்க ஒரு சூத்திரம் உண்டு: ஷாட் முயற்சிகள் + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சிகள் − ஓஃபென்சிவ் ரீபவுண்ட் + டர்ன்ஓவர். எல்லா ஃப்ரீ த்ரோவும் பொசெஷனை முடிப்பதில்லை. இரண்டில் முதலாவதும், கூடை விழுந்த பிறகு கிடைக்கும் கூடுதல் ஒன்றும் தனிப் பொசெஷன் ஆகாது. அதனால்தான் 0.44. 66 ஷாட், 20 ஃப்ரீ த்ரோ, 10 ஓஃபென்சிவ் ரீபவுண்ட், 13 டர்ன்ஓவர் என்றால் 77.8. அந்த அணி 82 புள்ளி எடுத்திருந்தால், 100 பொசெஷனுக்கு 105.4. வேகமாக ஆடும் அணியையும் நிதானமாக ஆடும் அணியையும் இந்த எண்ணை வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

தனி ஆட்டக்காரரை எடைபோட மொத்தப் புள்ளி போதாது. ஒருவர் 20 ஷாட்டில் 8 போட்டார், அதில் ஒன்று மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 4-க்கு 3. மொத்தம் 20 புள்ளி. இன்னொருவர் 9-க்கு 5, அதில் மூன்று ஷாட் மூன்று புள்ளி, ஃப்ரீ த்ரோ 2-க்கு 1, மொத்தம் 14. புள்ளியை 2 × (ஷாட் முயற்சி + 0.44 × ஃப்ரீ த்ரோ முயற்சி) என்பதால் வகுத்தால் முதலாமவருக்கு 46 சதவீதம், இரண்டாமவருக்கு 71 சதவீதம். 20 எடுத்தவர் அணியின் பொசெஷன்களைத் தின்றிருக்கிறார். ஆனால் கடிகாரம் தீரும் நேரத்தில் வேறு வழியில்லாமல் போட்ட ஷாட்கள் அவர் தலையில் விழுந்தனவா என்பதையும் பாருங்கள்; அதற்காகவே ஷாட் கிளாக் (ஷாட் போட மிஞ்சிய நேரம் காட்டும் கடிகாரம்) 5 நொடிக்குக் கீழே இருந்தால் வரியில் ஒரு புள்ளிக் குறி வைப்பது நல்லது.

பிளஸ்-மைனஸை ஒரே ஆட்டத்தை வைத்து நம்பாதீர்கள். கூட ஆடிய நால்வரின் தயவும் அதில் கலந்திருக்கும்.

இடைவேளையில் பயிற்சியாளருக்கு முழுத் தாளையும் நீட்ட வேண்டாம். யாருக்கு எத்தனை ஃபவுல், எங்கே டர்ன்ஓவர் ஆகிறது, எதிரணியின் ஓஃபென்சிவ் ரீபவுண்ட் எத்தனை: இந்த மூன்றும் போதும். நட்சத்திரம் போட்ட வரிகளை ஆட்டம் முடிந்த பிறகு காணொளியில் அந்தந்த நேரத்துக்குப் போய்ப் பார்த்துத் திருத்திவிட்டு, அதன்பிறகே இறுதித் தாளைக் கொடுங்கள்.