வேலையை ஏற்கும் முன் திரும்பும் வழியைப் பாருங்கள்

மொரிஷியஸின் தெற்குக் கிராமங்களில் குடியிருந்துகொண்டு அலுவலகங்கள் நிறைந்த எபெனிலோ தலைநகர் போர்ட் லூயிஸிலோ வேலை தேடுகிறவர்கள், சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே வேலை எத்தனை மணிக்கு முடியும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் போகப் பேருந்து கிடைத்துவிடும். ஊர் திரும்பும் பேருந்துகளோ பொழுது சாய்ந்ததும் குறைந்து, இருட்டிய சற்று நேரத்தில் நின்றுவிடுகின்றன.

ஆகவே கணக்கைக் கடைசிப் பேருந்திலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். தெற்குக் கரையில் உள்ள சுயாக்கிலிருந்து எபெனுக்குச் செல்கிறவர் கியூர்பிப் நகர் வரை பேருந்திலும், அங்கிருந்து ரோஸ் ஹில்லுக்கு மெட்ரோவிலும் சென்று, எபென் வழியாகச் செல்லும், 2023இல் திறக்கப்பட்ட ரெடுயி கிளைப்பாதைக்கு மாற வேண்டும். மெட்ரோ 2022இல் கியூர்பிப்பை எட்டியது பெரிய உதவிதான். ஆனால் முன்பு சுயாக் வரை ஓடிய பயணிகள் ரயில்கள் 1956க்குள் நின்றுபோனபின், எங்கள் பக்கத்துக்குப் பேருந்தை விட்டால் வேறு வழியில்லை. அந்த ஒரு பேருந்து தவறினால் மற்ற எல்லா இணைப்புகளும் வீணாகும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரவு ஏழு மணிக்கு முடியும் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே, கியூர்பிப்பின் ஓயாத தூறலில், விளக்கணைந்த பேருந்துகளைப் பார்த்தபடி பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றைய கூலியில் பெரும்பகுதி டாக்சிக்குப் போயிற்று. அதனால், வேலையை ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வேலைநாளில், அதே நேரத்தில், போய்த் திரும்பிப் பாருங்கள். கடைசிப் பேருந்தின் நேரத்தை அந்தத் தடத்தின் நடத்துநரிடமே கேளுங்கள். மழைநாளில் எவ்வளவு தாமதமாகும் என்பதையும் அவர் சொல்வார். நேரம் பொருந்தாவிட்டால், பணிநேரத்தை அரைமணி முன்னதாக வைக்க முடியுமா என்று நேர்காணலிலேயே கேட்பதில் தவறில்லை.

போர்ட் லூயிஸில் தெற்குப் பேருந்துகள் விக்டோரியா நிலையத்திலும், வடக்குப் பேருந்துகள் இமிகிரேஷன் ஸ்கொயரிலும் நிற்பதால், இடையில் நடக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவமனைக்கும் இதே கணக்குதான். தெற்கில் உள்ளவர்களுக்கு ரோஸ் பெல் மருத்துவமனை அருகில் இருந்தாலும், சிகிச்சை முடியும் நேரம் நம் கையில் இல்லை. முடிந்தவரை காலை நேரமே கேளுங்கள். முதியோருக்கும் மாணவர்களுக்கும் 2005 முதல் பேருந்துப் பயணம் இலவசம் என்பதால், வீட்டுப் பெரியவர்களின் அடையாள அட்டையை மருந்துச் சீட்டுடன் ஒரே உறையில் வைத்து அனுப்புங்கள். டாக்சிதான் வழி என்றால், ஏறுவதற்கு முன்பே கட்டணத்தைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.