பேறுகாலம் முடிந்தும் போகாத இடுப்பு வலி: மனத்தின் மீது பழி போடும் முன்

படுக்கையில் புரண்டு படுத்தால் இடுப்பின் பின்பக்கம் சுரீர் என்கிறது. சுடிதார் அணிய ஒற்றைக் காலில் நிற்க முடியவில்லை. பஸ் படியில் கால் தூக்கி வைத்தால் முன்பக்க எலும்பில் குத்துகிறது. குழந்தைக்கு எட்டு மாதம் ஆன பிறகும் இப்படிச் சொல்லும் பெண்ணுக்கு நம் ஊரில் இரண்டில் ஒரு பதில் கிடைக்கிறது. "ஸ்கேனில் ஒன்றுமில்லையே, மனத்தைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே" என்பது ஒன்று. "மூட்டு விலகிவிட்டது, இனிமேல் கனமான எதையும் தூக்கக் கூடாது" என்பது இன்னொன்று. இணையத்தில் தேடினால் மூன்றாவதாக ஒன்று வந்து சேரும்: அடக்கி வைத்த கோபமே இடுப்பில் வலியாக வருகிறது, அதைப் புரிந்துகொண்டால் வலி போய்விடும்.

கர்ப்பகாலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு இடுப்பு வளைய வலி, அதாவது இடுப்பெலும்பு வளையத்தின் முன், பின் மூட்டுகளில் எழும் வலி, வருகிறது என்று 2008-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டு நெறிமுறைகள் சொல்கின்றன. பெரும்பாலோருக்குப் பிரசவமாகி மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடும். அடங்காமல் ஆண்டுக்கணக்கில் தொடரும் சிறுபான்மையினரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர்களுடைய வலியில் மனநிலைக்கும் நரம்பு மண்டலத்துக்கும் பங்கு உண்டு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பங்கை எந்த வரிசையில் வைத்துப் பேசுகிறோம் என்பதில்தான் பிசகு நேர்கிறது.

பரிசோதிக்காமலே மனத்துக்கு அனுப்புவது

இதுதான் தவறுகளிலேயே பெரியது, ஆண்டுகளை வீணாக்கக்கூடியது. முதுகெலும்பையும் இடுப்பையும் இணைக்கும் மூட்டுகளில் அழற்சியை உண்டாக்கும் ஸ்பான்டைலைடிஸ் நோய் இருபதுகளிலும் முப்பதுகளிலும்தான் தலைகாட்டும். பிள்ளை பெறும் வயதும் அதுவே. அதனால் "பிரசவமான உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்ற பேச்சுக்குள் அது எளிதாக ஒளிந்துகொள்கிறது. காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் விறைப்பு, நடமாடினால் குறைந்து ஓய்வெடுத்தால் கூடும் வலி, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, எப்போதாவது கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியாமல் போன அனுபவம், சொரியாசிஸ், நெருங்கிய உறவில் இதே நோய் என்று சில சேர்ந்து இருந்தால் மூட்டுவாத நிபுணரைப் பார்க்க வேண்டும். சாதாரண இடுப்பு வளைய வலி இதற்கு நேர்மாறு. அது நின்றால், நடந்தால் கூடும், படுத்தால் தணியும்.

அடுத்தது வைட்டமின் டி. வெயில் கொளுத்தும் ஊரில் இந்தக் குறைபாடு எப்படி வரும் என்று பலர் சிரிப்பார்கள். வெயில் தெருவில் அடிக்கிறது; பிரசவித்த பெண் மாதக்கணக்கில் அறைக்குள் இருக்கிறாள். குறைபாடு கடுமையானால் எலும்பு மென்மையாகி, தொட்டு அழுத்தினாலே வலிக்கும். தரையிலிருந்து எழுவது சிரமமாகும். நடை இரு பக்கமும் சாயும். வைட்டமின் டி, கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் ஆகிய ரத்தப் பரிசோதனைகளில் இது தெரிந்துவிடும். மருந்தால் தீரக்கூடிய ஒன்றுக்குத் தியானம் சொல்லி அனுப்புவதை என்னால் ஏற்க முடிவதில்லை.

அரிதானவையும் உண்டு. ஒரு பக்க மூட்டில் மட்டும் வலி, மாலைக் காய்ச்சல், எடை குறைதல் என்றால் நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் விடக் கூடாது. திடீரென்று ஒரு காலில் பாரம் ஊன்றவே முடியாமல் போனால், பாலூட்டும் காலத்தில் எப்போதாவது நேரும் எலும்பு முறிவா என்று பார்க்க வேண்டும். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழப்பதும், தொடை இடுக்கில் உணர்ச்சி மரத்துப்போவதும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள். இருமினால், தும்மினால் மட்டும் சில சொட்டுக் கசிவது வேறு. அது இடுப்பின் அடித்தளத் தசைகளின் பலவீனம், பயிற்சியில் சரியாகக்கூடியது.

எதிர்ப்பக்கத் தவறும் இருக்கிறது. அவசரப்பட்டு எம்.ஆர்.ஐ. எடுத்து, அதில் மூட்டை ஒட்டிய எலும்பில் நீர்கோத்திருப்பதைப் பார்த்ததும் ஸ்பான்டைலைடிஸ் என்று முத்திரை குத்திவிடுவது. பிரசவித்த பெண்களைப் படம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில், அந்த நோய் இல்லாத பலருக்கும் இதே தோற்றம் இருந்தது. சிலருக்கு ஓராண்டு வரையிலும் தொடர்ந்தது. பிரசவத்தின்போது அந்த மூட்டுகள் தாங்கிய அழுத்தத்தின் தடம் அது. எனவே அறிகுறிகளோடும் ரத்தப் பரிசோதனையோடும் சேர்த்துத்தான் படத்தைப் படிக்க வேண்டும்.

"ஸ்கேனில் ஒன்றுமில்லை" என்பதை "வலி இல்லை" என்று படிப்பது

இந்த வலியைக் கண்டறிய முதன்மையான கருவி கைதான். மல்லாந்து படுத்து, கால்களைச் சற்று அகற்றி வைத்து, முட்டியை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூக்கச் சொல்வார்கள். சின்ன வேலைதான். பாதிக்கப்பட்ட பெண் மூச்சைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் புடைத்து, கட்டிலின் விளிம்பைப் பற்றியபடி முயல்வாள். கால் அவளுடையதே இல்லை என்பதுபோலக் கனக்கும். இப்போது பிசியோதெரபிஸ்ட் இரு உள்ளங்கைகளையும் இடுப்பெலும்பின் இரு பக்கமும் வைத்து உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் தூக்குங்கள்" என்பார். அதே கால் எளிதாக எழும். நோயாளியே திகைத்துப்போவது உண்டு. கஷ்டத்தின் அளவை ஒவ்வொரு காலுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுக் குறித்துக்கொள்வார்கள்.

படுத்தபடி முட்டியை மடக்கி, தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முட்டியின் வழியாகக் கீழ்நோக்கி அழுத்தும் இன்னொரு சோதனை பின்பக்க மூட்டின் வலியைக் கிளறிக் காட்டும். இவை எதற்கும் ஸ்கேன் தேவையில்லை. நாலு ஸ்கேன் எடுத்தும் இந்தச் சோதனைகளை ஒருவரும் செய்து பார்க்காத பெண்கள் எத்தனையோ பேர்.

மூட்டு விலகிவிட்டது என்று நம்புவது

பின்பக்க இடுப்பு மூட்டு மிக இறுக்கமானது. ஸ்வீடனில் எலும்புக்குள் சிறு உலோகக் குண்டுமணிகளைப் பதித்து, எக்ஸ்ரேயில் அசைவை அளந்தார்கள். 1989-இல் வெளியான அந்த ஆய்வில், வலியுள்ளவர்களுக்கே சுழற்சி சராசரியாக இரண்டரை டிகிரி. நகர்வு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 1998-இல் அதே முறையில் இன்னொன்றையும் சோதித்தார்கள். கையால் சொடுக்கி மூட்டை "இடத்தில் உட்கார வைத்த" பிறகு, தொட்டுப் பார்த்த நிபுணர்கள் நிலை சரியாகிவிட்டது என்றே கருதினார்கள். எக்ஸ்ரே அளவிலோ எலும்பின் நிலை துளியும் மாறவில்லை. சொடுக்கினால் சிலருக்குச் சில நாள் இதமாக இருப்பது உண்மை. அது தசையும் நரம்பும் தரும் இதம். எலும்பு நகர்ந்ததால் வந்தது என்று நம்பினால், வாராவாரம் "விலகிய" மூட்டுக்குக் காசு கொடுத்துக்கொண்டே இருக்க நேரும்.

இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் பிரிந்துபோவது உண்டு. அது அரிது, பிரசவத்தை ஒட்டியே கடும் வலியோடு தெரிந்துவிடும். ஹார்மோனால் மூட்டு தளர்ந்தேவிட்டது என்ற விளக்கமும் பிரசவமாகி எட்டு மாதம் ஆன பிறகு செல்லாது. ரிலாக்சின் என்ற அந்த ஹார்மோன் பிரசவமான சில நாட்களிலேயே வடிந்துவிடுகிறது.

இந்த இடத்தில் "முதுகில் போட்ட ஊசி" பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். எனவே வீட்டுக்கு ஒருவராவது அந்த ஊசியைக் குறை சொல்வார்கள். ஊசி குத்திய இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். பிரசவ வலிக்காக முதுகில் மருந்து செலுத்தப்பட்டவர்களையும் செலுத்தப்படாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் நீண்டகால முதுகுவலி இரு தரப்பிலும் ஒரே அளவில்தான் இருந்தது.

இந்த நம்பிக்கைகளை எதற்காக இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், மனத்தின் பங்கு தொடங்குவதே இங்கேதான். "உன் இடுப்பு பிளந்திருக்கிறது" என்று ஒருவர் வெள்ளைக்கோட்டில் நின்று சொன்ன பிறகு, அந்தப் பெண் குனிவதற்கு முன்பே தசையை இறுக்கிக்கொள்கிறாள். இறுகிய தசை வலிக்கிறது. வலித்ததால் பயம் உறுதியாகிறது.

மனத்தின் பங்கைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது

மாதக்கணக்கில் வலி வந்துகொண்டே இருந்தால், அதைச் சுமக்கும் நரம்புகளும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. காயம் ஆறிய பிறகும் சின்ன அழுத்தத்துக்குப் பெரிய எச்சரிக்கை எழுகிறது. திசுச் சேதத்தைக் கொண்டு முழுமையாக விளக்க முடியாத இத்தகைய வலியைச் சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 2017-இல் தனி வகையாகவே ஏற்றுக்கொண்டது. தூக்கமின்மை, கவலை, மனச்சோர்வு மூன்றும் இந்தக் கூர்மையைத் தீட்டும். ஸ்வீடனில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு அல்லது கீழ்முதுகு வலி உள்ள பெண்களிடம் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு அறிகுறிகள் வலி இல்லாதவர்களைவிட மூன்று மடங்கு காணப்பட்டன. எது எதை உண்டாக்கியது என்று அந்த எண் சொல்லாது. ஒன்றுக்கு வைத்தியம் பார்க்கும்போது இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. குழந்தையைத் தூக்கவே மனம் வராத நிலையோ, செத்துவிடலாம் என்ற எண்ணமோ இருந்தால் இடுப்பை ஒத்திவைத்துவிட்டு முதலில் மனநல மருத்துவரிடம் போக வேண்டும்.

நரம்பின் பங்கு முன்னுக்கு வந்துவிட்டது என்று எப்போது சந்தேகிக்கலாம்? வலி ஒரு வாரம் வலப்பக்கம், மறுவாரம் இடப்பக்கம், பிறகு தோளுக்கும் தாடைக்கும் என்று பரவும்போது. செய்த வேலைக்கும் வலிக்கும் தொடர்பு அறுந்துபோகும்போது. வலியை நினைத்த மாத்திரத்தில் அது எழும்போது. மேலே சொன்ன நோய்கள் இல்லை என்று உறுதியான பிறகுதான் இந்த அடையாளங்களுக்கு மதிப்பு.

அமெரிக்க மறுவாழ்வு மருத்துவர் ஜான் சார்னோ (1923–2017), முதுகு வலியின் வேர் அடக்கப்பட்ட ஆத்திரம் என்றும், அது தசைக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பதால் வலி வருகிறது என்றும் சொல்லிப் புகழ்பெற்றவர். அவரால் குணமானதாகச் சொல்பவர்கள் ஏராளம். அந்த ரத்த ஓட்டக் கதை நிரூபிக்கப்படவே இல்லை. என் பார்வையில், அவர் சொன்னதில் வேலை செய்த பகுதி "உன் முதுகு உடையவில்லை, பயப்படாமல் அசை" என்பதுதான்.

அதைச் சோதித்துப் பார்த்த ஆய்வும் உண்டு. 2022-இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற அமெரிக்க மனநல மருத்துவ இதழில் வந்தது, 151 பேர். வலியை ஆபத்தாகப் பார்க்கும் மூளையின் பழக்கத்தை மாற்றும் நான்கு வாரப் பேச்சுச் சிகிச்சையில், 66 சதவீதம் பேருக்கு வலி நின்றது அல்லது அநேகமாக நின்றது. பொய்மருந்து ஊசி போட்டவர்களில் இது 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 10. வியப்பான எண்கள்தான். ஆனால் அவர்கள் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள். பிரசவித்த பெண்களின் இடுப்பு மூட்டு வலியை அந்த ஆய்வு சோதிக்கவில்லை. முடிவை அப்படியே தூக்கி இங்கே வைத்துவிட முடியாது. முயன்று பார்க்கத் தகுந்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு பிசகுகள். பேச்சுச் சிகிச்சையில் வலி குறைந்தால் "பார், நடித்திருக்கிறாள்" என்று வீட்டில் முடிவுகட்டுவது ஒன்று. கேட்கவே எரிச்சலூட்டும் பேச்சு அது. தலைவலிக்குப் பாராசிட்டமால் கேட்டதால் தலையில் பாராசிட்டமால் குறைவு என்று ஆகிவிடுமா? மற்றது பெண் தானே செய்வது: "எந்தக் கோபத்தை அடக்கினேன்" என்று இரவெல்லாம் தோண்டுவது. குழந்தைக்காக ஏற்கெனவே போன தூக்கத்தில் மிச்சத்தையும் அது பறிக்கும்.

மாமியார் வீட்டுக்குத் திரும்பியதும் வந்த வலி

தாய்வீட்டில் ஐந்து மாதம் இருந்தவரை வலி குறைவு. கணவர் வீட்டுக்கு வந்த பத்து நாளில் கூடிவிட்டது. இதைக் கேட்டதும் "மாமியாரால் வந்த மனவலி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சுமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். மூன்று கிலோவாகப் பிறந்த குழந்தை ஐந்தாம் மாதத்தில் ஆறு கிலோவாகியிருக்கும். தாய்வீட்டில் அதைத் தூக்க அம்மா, பாட்டி, அத்தை என்று ஆறு கைகள். இங்கே இரண்டே கைகள், அதுவும் ஒரு பக்க இடுப்பில். கூடவே தரையில் உட்கார்ந்து துணி மடிப்பது, மாடிப்படி, குனிந்து வாசல் பெருக்குவது. மனக்கசப்பும் இருக்கலாம், சுமை இரட்டித்ததும் உண்மை. இரண்டையும் விசாரிக்காமல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சோம்பல்.

இதற்குப் படுத்தே கிடப்பது விடையாகாது. ஒரே நாளில் பழைய வேகத்துக்குத் திரும்புவதும் ஆகாது. நார்வேயில் 81 பெண்களிடம் செய்து 2004-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஒவ்வொருவருக்கும் ஏற்றபடி வகுத்து, பக்கத்தில் இருந்து திருத்திக் கற்றுக்கொடுத்த வயிறு, முதுகு, இடுப்புத் தசைப் பயிற்சிகள் நல்ல பலன் தந்தன. இரண்டு ஆண்டு கழித்தும் பலன் நின்றது. ஒரே தாளை எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுப்பது அதற்கு ஈடாகாது. இடுப்புப் பட்டி நடக்கும்போது சில மணி நேரம் உதவும். நாள் முழுவதும் கட்டிக்கொண்டு தசையின் வேலையைப் பட்டியிடம் ஒப்படைக்கக் கூடாது. வலி பத்துக்கு மூன்று வரை ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்தால் அந்த அளவு உழைப்பு தாங்கும் என்று கொள்ளலாம். வந்தால், சில நாள் கழித்துக் கொஞ்சம் கூட்டலாம். வராவிட்டால் குறைக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்த பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒரு முறை வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம்தான். அதற்காகச் சிசேரியன் கேட்டு வாங்குவதில் லாபமில்லை. கர்ப்பத்திலேயே கடுமையான இடுப்பு வலி இருந்த பெண்களில், திட்டமிட்ட சிசேரியன் செய்துகொண்டவர்களுக்கு ஆறு மாதத்துக்குப் பிறகும் வலி நீடிப்பது கூடுதலாகவே இருந்தது என்று நார்வேயின் பெரிய ஆய்வு ஒன்று காட்டியது. வேறு மருத்துவக் காரணம் இருந்தால் அது தனிக் கதை. கருத்தரிக்கும் முன்பே பயிற்சியைத் தொடங்குவதும், வைட்டமின் டி அளவைப் பார்த்துக்கொள்வதும், பிரசவ அறையில் தொடைகளை வலிக்குமளவுக்கு அகற்றாமல் பக்கவாட்டில் படுக்கவோ மண்டியிடவோ அனுமதி உண்டா என்று மகப்பேறு மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பதும் நடைமுறையில் செய்யக்கூடியவை.